லெசாந்தெலிக்கு இடம்பெயர்ந்த பாலம்

ரூவான் துறை,
11 ஏப்ரல் 1996

அன்புள்ள ஃபிர்மேன் அண்ணா,

முதலில் நல்ல செய்தி. நீ உயிரோடுதான் இருக்கிறாய். நேற்று ஆற்றில் லா ரோஷ்-கியோன் ஊருக்குக் கீழே உன் சரக்குப் படகு ‘தெத்யு’ எங்கள் உல்லாசக் கப்பல் ‘மர்கரீத்’தைக் கடந்தபோது என் கண்ணாலேயே பார்த்தேன். சுக்கான் அறையில் தொப்பியோடு நின்றாய். கழுத்தை யாரோ சிமெண்டு போட்டுப் பூசிவிட்ட மாதிரி இருந்தது. மேல்தளத்திலிருந்து நூற்றுப் பத்துப் பேர் உனக்குக் கை ஆட்டினார்கள். கரையில் மேய்ந்த ஒரு மாடுகூட நிமிர்ந்து பார்த்தது. நீ பார்க்கவில்லை.

ஆற்றில் எதிர்ப்படுகிறவனுக்குக் கை தூக்காமல் போவதென்றால் என்ன அர்த்தம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். நம் அப்பா யுத்தத்தின்போது ஜெர்மன் படகோட்டிக்கே கை தூக்கியவர். “அவனும் தண்ணியிலதானே கெடக்கான்” என்பார். நான் ஜெர்மன்காரனைவிட மோசமாகிவிட்டேனா?

ரேடியோவில் கேட்டிருக்கலாம். ஆனால் பத்தாம் அலைவரிசையில் நாம் இருவரும் வாயைத் திறந்தால் பாரிஸ் முதல் ரூவான் வரை ஒவ்வொரு படகிலும் சூப்பை ஆறவிட்டுக் கேட்பார்கள். அதனால்தான் காகிதம். போஸ் மதகில் படகுகளை ஏற்றி இறக்குகிற யோலாந்திடம் இதைக் கொடுத்துவிட்டுப் போகிறேன். நீ ஆற்றில் மேல்நோக்கி வரும்போது அவளுடைய மீன் வலையில் போட்டு நீட்டுவாள். பிரிக்கமாட்டாள் என்று சத்தியம் செய்திருக்கிறாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதைப் பற்றிச் சத்தியத்தில் ஒன்றும் வரவில்லை.

ஈஸ்டர் விருந்தில் நடந்ததுதான் காரணமா? உன் மகள் என்ன சொல்லிவிட்டாள்? “அப்பா, ஜூன்ல என்னைக் கேப்டனா ஆக்கறாங்க.” அவ்வளவுதானே. இரண்டு பருவம் ‘மர்கரீத்’தில் துணைக் கேப்டனாக இருந்துவிட்டாள், ஆக்கத்தானே செய்வார்கள். நீ கத்தியைக் கீழே வைத்தாய். “ஓட்டலுக்கு எதுக்குச் சுக்கான்?” என்றாய். கயிறுகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போய் இரண்டு மணிநேரம் கயிறு பார்த்தாய். கயிறுகளுக்கு ஒரு குறையும் இல்லை, நான் எட்டிப் பார்த்தேன். உன் பங்கு ஆட்டுத்தொடையையும் நானே சாப்பிட்டேன். அண்ணிக்கு மனசு கஷ்டப்படக் கூடாதே என்றுதான்.

ஓட்டல் கப்பலில் மைக் பிடித்துக் கோட்டை, கோயில் கதை சொல்லிப் பிழைக்கிற தங்கைமேல் உனக்கு மதிப்பில்லை. சரி, எனக்கே இல்லை. ஆனால் சில்வேன் என்ன செய்தாள்?

உன் தங்கை,
ஒதில்

*

கொன்ஃப்லான்,
20 ஏப்ரல்

ஒதில்,

கடிதம் கிடைத்தது. வலையை நீட்டும்போதே யோலாந்த் சொன்னாள், “தங்கச்சி நல்லாத்தான் எழுதியிருக்குண்ணே. ஆனா அந்த ஆட்டுத்தொடைய இவ்வளவு இழுத்திருக்க வேணாம்.” அவள் சத்தியத்தின் லட்சணம் அதுதான்.

கேட்டாய், சொல்கிறேன்.

உங்கள் ஓட்டல் போகும்போது எழும் அலையில் போன பருவத்தில் மட்டும் எங்கள் படகு வீட்டில் நாலு கோப்பை போயிற்று. உன் அண்ணி நதேழின் அம்மா கொடுத்த சூப்புக் கிண்ணமும் போயிற்று. நதேழ் இப்போது உங்கள் கப்பலின் மூக்கு தெரிந்தவுடனேயே அலமாரியைக் காலி செய்து எல்லாவற்றையும் தரையில் வைக்கிறாள். அதை நான் பொறுத்துக்கொண்டேன்.

பொறுக்க முடியாதது வேறு. சென்ற மாதம் இங்கே சரக்குக்கு முறை வரக் காத்துக் கட்டிக் கிடந்தேன். பெல்ஜியக்காரர் ஒருவர் மனைவியோடு கரையில் வந்து நின்றார். படகின் பெயரைப் படித்தார். தொப்பியைக் கழற்றினார்.

“ஐயா, நீங்கதானே லெசாந்தெலி பாலத்துல இடிச்சவரு?”

“எந்த மடையன் சொன்னான்?”

“கப்பல்ல ஒரு அம்மா சொன்னாங்க. சிரிச்சுச் சிரிச்சு என் வீட்டுக்காரிக்கு வயித்துல பிடிச்சுக்கிச்சு. ஒரு படம் எடுத்துக்கலாமா? தொப்பியோட நில்லுங்க.”

எடுத்தே விட்டார்.

லெசாந்தெலி பாலம் தண்ணீருக்கு மேல் எவ்வளவு உயரம் என்று உனக்குத் தெரியும். மணிக்கூண்டைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் மாதாகோயிலே அதன் கீழே போகும். அங்கே இடிக்கிறவன் குடித்திருக்க வேண்டும், அல்லது பிணமாக இருக்க வேண்டும். நான் இடித்தது சாம்ப்ர் கால்வாயில், எத்ரேயில். 1967 நவம்பர். காலிப் படகு, உயரமாக மிதந்தது; தண்ணீரும் ஒரு சாண் ஏறியிருந்தது, பனிமூட்டம். சுக்கான் அறைக் கூரையை மடக்க நேரமில்லை. அந்தப் பாலத்தில் கெட்டிக்காரர்கள் இடித்திருக்கிறார்கள். நம் அப்பா இடித்திருக்கிறார். அது மரியாதையான பாலம்.

இப்போது புலேன் முதற்கொண்டு எல்லாப் படகுக்காரப் பயல்களும் ரேடியோவில், “தெத்யு, தெத்யு! லெசாந்தெலி வருது, தலையக் குனிஞ்சுக்கோ!” என்கிறார்கள்.

நீ சிரிக்க வைத்ததைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. பாலத்தை ஏன் நகர்த்தினாய்?

சில்வேனைப் பற்றி எனக்கு எழுதாதே.

ஃபிர்மேன்

*

ஓன்ஃப்ளர்,
4 மே

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். மூன்றாவது தரம் அந்தப் பெல்ஜியக்காரர் தொப்பியைக் கழற்றிய இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மன்னித்துக்கொள். என் முகமே அப்படி அமைந்துவிட்டது, சாவு வீட்டிலும் என்னைப் பின்வரிசையில்தான் உட்கார வைப்பார்கள்.

குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். பாலத்தை நகர்த்தியது நான்தான். ஆனால் ஏன் என்றும் கேள்.

என் பயணிகளின் சராசரி வயது எழுபத்திரண்டு. லெசாந்தெலியில் இறக்கி அந்த மலைமேலிருக்கும் கோட்டைக்கு அவர்களை ஏற்ற வேண்டும். இங்கிலாந்து ராஜா ஒருவன் மளமளவென்று கட்டி, “இதை எவனாலும் பிடிக்க முடியாது” என்று மார்தட்டி, அவன் செத்து ஐந்து வருஷத்தில் பிரெஞ்சுக்காரன் பிடித்த கோட்டை. கக்கூஸ் வழியாக ஏறிப் போனார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அதைச் சொன்னால்தான் பாதிப்பேர் மலை ஏறவே சம்மதிக்கிறார்கள். மீதிப்பேருக்கு மூச்சு வர ஒரு சிரிப்பு வேண்டும். எத்ரேயில் நடந்தது என்று சொன்னால் எத்ரே எங்கே, சாம்ப்ர் எங்கே என்று அரைமணி வரைபடம் விரிக்க வேண்டும். கண்ணெதிரே ஒரு பாலம் சும்மா நிற்கிறது. எடுத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுக் கொத்தமல்லியைக் கிள்ளுவது மாதிரி.

இன்னொன்றும் உண்டு, இதைச் சிரிக்காமல் எழுதுகிறேன். அல்லிக்குளம் வரைந்த ஓவியர் ஒருவரின் தோட்டத்தில் அந்தக் குளத்தை நூறு படம் எடுக்கிறார்கள். ரூவானில் நாட்டுக்காகப் போரிட்ட ழான் கன்னியை உயிரோடு எரித்த இடத்தில் நின்றுகொண்டு ஐஸ்கிரீம் எங்கே நல்லா இருக்கும் என்று கேட்கிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆறு இருப்பதே அவர்கள் கண்ணில் படுவதில்லை. நீயும் நானும் பிறந்த ஆறு. அம்மாவுக்கு வலி எடுத்தபோது நான் எந்த ஊரில் பிறந்தேன் என்று எழுதுவதற்கே அப்பா கிலோமீட்டர்க் கல்லைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. உன் கதையைச் சொன்ன பிறகுதான் அவர்கள் சரக்குப் படகு வந்தால் எழுந்து நின்று பார்க்கிறார்கள். ‘தெத்யு’ தெரிந்தால் ஓடி வருகிறார்கள். உன்னைப் பார்த்துச் சிரித்தார்கள் என்கிறாய். உன்னைப் பார்த்தார்கள் அண்ணா. அதற்கு முன் பார்த்ததே இல்லை.

நீலப் பலகையைக்கூட விளக்குகிறேன். மேல்நோக்கி ஏறுகிற படகு வழக்கமான பக்கத்தை விட்டு மறுபக்கம் போக வேண்டுமானால் நீலப் பலகையை நீட்டிக் கேட்கும், எதிரே வருகிறவர் தன் பலகையை நீட்டினால் ‘சரி’ என்று அர்த்தம் என்றேன். ஒரு ஜெர்மன் மாது, “ஓஹோ, பொண்ணு கேட்கிற மாதிரி!” என்றாள். அதையும் என் கதையில் சேர்த்துவிட்டேன். நல்ல சரக்கை விடலாமா?

எழுதாதே என்று நீ சொன்னதை எழுதுகிறேன். ஜூன் 16, ஞாயிறு. பாரிஸிலிருந்து ஓன்ஃப்ளர் வரை சில்வேனின் முதல் பயணம், முழுக் கேப்டனாக. 18ஆம் தேதி மாலை ரூவானுக்கு வருவோம். நீயும் அண்ணியும் கரைக்கு வந்து நின்றால் போதும். அவள் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டாள். அவள் கழுத்திலும் அதே சிமெண்டுதான்.

ஒதில்

பி.கு.: சூப்புக் கிண்ணத்துக்கு வருத்தம். அது அசிங்கமான கிண்ணம் என்று அண்ணியே ஒருமுறை என்னிடம் சொன்னாள். ஆனாலும் வருத்தம்.

*

நோழான் அருகே,
17 மே

ஒதில்,

கரைக்கு வரமாட்டேன். கைக்குட்டை ஆட்டுவதற்கு ஊரில் ஆள் இருக்கிறது. படகுக்காரன் இன்னொரு படகுக்காரனைச் சுக்கானில் நின்றுதான் பார்ப்பான்.

அவள் ஆறு வயதில் பியர்ப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நின்று சுக்கான் பிடித்தவள். அதற்கும் முன்னால் நீலப் பலகை அவள் வேலையாக இருந்தது. நான் தலையை ஆட்டினால் நீட்டுவாள். சில சமயம் நான் ஆட்டுவதற்கு முன்பே நீட்டிவிட்டு, “அப்பா, அந்தாளு தூங்கறாரா? இன்னும் பதில் காணோம்” என்பாள். பத்து வயதில் கொன்ஃப்லான் விடுதிப் பள்ளிக்கு அனுப்பினோம். ஞாயிற்றுக்கிழமை மாலை விட்டுவிட்டு வரும்போது நதேழ் அழுவாள். நான் இயந்திரம் பார்ப்பேன்.

‘தெத்யு’வை அவளுக்கென்றுதான் வைத்திருந்தேன். அதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல வேண்டுமா? தொண்ணூற்று நான்கில் ஒரு காலை, போஸ் மதகில், பையைத் தோளில் போட்டு, உங்கள் கப்பலில் சேர இறங்கினாள். சுவர்மேல் நின்று, “போயிட்டு வரேன்ப்பா” என்றாள். மதகுக் கதவு திறந்துவிட்டது. நான் கயிற்றை அவிழ்த்தேன்.

அவ்வளவுதான். வேறு ஒன்றும் நான் சொல்லவில்லை. அதுவும் உன் கதையில் வருமா?

ஜூன் மூன்றாம் வாரம் ரூவானில் உரம் ஏற்றுகிறேன். 17ஆம் தேதி போஸில் படுத்து 18 காலையில் மேலே வருவேன். இது தகவல். அழைப்பு இல்லை.

பாலத்தை எங்கே எடுத்தாயோ அங்கே கொண்டுபோய் வை. நாலு பேர் முன்னால் எடுத்தாய், நாலு பேர் முன்னால் வை. ஆற்றுக்கே கேட்க வேண்டும். அதன் பிறகு கழுத்தைப் பற்றிப் பார்க்கலாம்.

ஃபிர்மேன்

*

வெர்னோன்,
29 மே

அண்ணா,

மாட்டேன்.

இதோடு நிறுத்தி உறையை ஒட்டிவிடலாம் என்று பார்த்தேன். உன்னைப் போல் ஒரு வரியில் எழுத எனக்கு வராது.

எனக்கும் ஒரு மரியாதை இருக்கிறது. சின்னதுதான், மடித்துக் கைப்பையில் வைத்துவிடலாம். மூன்று பருவமாக அந்த மைக்கின் முன்னால் நிற்கிறேன். பயணிகள் போகும்போது புத்தகத்தில் எழுதுகிறார்கள், ‘கோட்டை நன்று, பாலாடைக்கட்டி நன்று, ஒதில் அம்மா மிக நன்று’ என்று. பாலாடைக்கட்டிக்கு மேலே வந்திருக்கிறேன் அண்ணா, அதற்கே பேர்போன நோர்மாந்தியில்! அந்த மைக்கில் நின்று, ‘நான் சொன்னது பொய்’ என்று சொல்லச் சொல்கிறாய். அதுவும் நாலு பேர் முன்னால் இல்லை, ரேடியோவைத் திறந்து வைத்து, புலேன் காதில் விழும்படி. இயந்திரக்கோளாறு, வெள்ளம், மறியல் எது வந்தாலும் எனக்குக் கதை சொல்லத்தான் தெரியும். கதையைத் திருப்பி வாங்கத் தெரியாது.

ஆகையால் மாட்டேன்.

30 மே

நேற்று ஒட்டவில்லை. தபால்தலை கிடைக்கவில்லை என்று எழுதப் பார்த்தேன். யோலாந்தின் வலைக்கு எதற்குத் தபால்தலை?

உன்னிடம் ஒன்றை மறைத்தேன். மறைத்ததற்குக் காரணம், அதைச் சொன்னால் நான் தோற்றுவிடுவேன்.

போன பருவத்தில் ஒருநாள் அந்தக் கதையைச் சொல்லி முடித்தேன். எல்லாரும் மேஜையைத் தட்டிச் சிரிக்கிறார்கள். சுக்கான் அறையிலிருந்து சில்வேன் இறங்கி வந்தாள். சீருடையோடு. அவள் முகத்தைப் பார்த்து, கப்பலில் தீப்பிடித்துவிட்டது என்றே நினைத்தேன். என்னை ஓரமாகக் கூட்டிப்போய்ச் சொன்னாள்:

“அத்தை, எங்கப்பாவ வச்சு எவ்வளவு வேணாலும் சிரிங்க. ஆனா அந்தப் பாலத்த அங்கேருந்து எடுத்துடுங்க. எங்கப்பா அங்க இடிக்கமாட்டாரு.”

“ஏய், கதைதானேடி. யாருக்குத் தெரியப் போவுது?”

“எனக்குத் தெரியுமே.”

திரும்பி மேலே போய்விட்டாள். அதற்குப் பிறகு லெசாந்தெலி வரும்போதெல்லாம் நான் கதையை ஆரம்பித்தால் சுக்கான் அறைக் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்கும். நான் நிறுத்தவில்லை. சிரிப்பு நன்றாக வந்துகொண்டிருந்தது.

நீ அவளிடம் ‘போயிட்டு வா’ என்று சொல்லவில்லை. அவள் உன்னை விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு கிழவி பாலத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன்.

18ஆம் தேதி காலை பத்து மணி சுமாருக்கு லெசாந்தெலியை நெருங்குவோம். உன் ரேடியோ வேலை செய்கிறதா?

ஒதில்

*

ரூவான்,
8 ஜூன்

ஒதில்,

படித்தேன். நதேழுக்கும் படித்துக் காட்டினேன். கிண்ணம் அசிங்கமானது என்று தான் சொன்னதே இல்லை என்கிறாள்.

ரேடியோ வேலை செய்கிறது.

ஃபிர்மேன்

*

ரூவான் துறை,
19 ஜூன்

அண்ணா,

நீ பார்த்ததை நான் எழுதவில்லை. நான் பார்த்ததை எழுதுகிறேன். நீ அங்கே இருந்தாலும் உன் கண் எங்கே இருந்தது என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

ஜூன் 18 என்பது நினைவிருக்கிறதா? யுத்தத்தில் நாடு விழுந்தபோது ஒரு ஜெனரல் லண்டனிலிருந்து ரேடியோவில் பேசிய தேதி. நாடே அதற்காக மாலை போடுகிறது. நானும் அதே தேதியில்தான் ரேடியோவில் பேசப் போனேன். அவராவது சரணடையாதே என்று சொன்னார்.

சில்வேன் சுக்கான் அறையில் இருந்தாள். தோளில் நாலு பட்டை. காலுக்குக் கீழே பார்த்தேன், பியர்ப் பெட்டி கிட்டி போட்டிருக்கிறாளா என்று. இல்லை, வளர்ந்துவிட்டாள். “கேப்டன், ரேடியோவைக் கொஞ்சம் தருவீங்களா?” என்றேன். “எதுக்கு அத்தை?” என்றாள். “ஒரு பாலத்தைத் திருப்பிக் கொடுக்கணும்.” ரேடியோவில் பேசுகிற குழலை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு ஆற்றைப் பார்த்தாள்.

ஒரு கையில் மைக், ஒரு கையில் குழல். மேல்தளத்தில் நூற்றுப் பன்னிரண்டு பேர், ஆற்றில் எத்தனை பேரோ. பாலம் எதிரே வந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு உயரமான பாலத்தை நான் பார்த்ததில்லை. சொன்னேன்:

“அம்மாக்களே, ஐயாக்களே, ஆத்துல இருக்கிற அத்தனை பேரும் கேளுங்க. என் அண்ணன் ஃபிர்மேன் வனக்கேர் இந்தப் பாலத்துல இடிச்சதில்ல. மூணு வருஷமா நான் சொன்னது பொய். அவர் இடிச்சது எத்ரேயில, பனியில, காலிப் படகுல, தண்ணி ஒரு சாண் ஏறியிருந்தப்போ. அந்தப் பாலத்துல எங்கப்பாவும் இடிச்சிருக்காரு. முப்பத்தஞ்சு வருஷமா இந்த ஆத்துல அவர் படகு தரை தட்டினதில்ல, யாரையும் உரசினதில்ல. பாலத்தை நகர்த்தினவ நான். இப்போ திருப்பி வச்சுட்டேன்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. மூன்று பருவத்தில் முதல்முறை. ஒரு ஆஸ்திரியக்காரர் கை தட்ட ஆரம்பித்தார், ஏன் என்று அவருக்கே தெரியாது, பிறகு எல்லாரும் தட்டினார்கள். அப்புறம் ரேடியோவில் புலேனின் குரல்: “எத்ரேயில நானும் இடிச்சிருக்கேன்.” வேறொருவன்: “நான் ரெண்டு தடவை.” அண்ணா, அந்தப் பாலம் இன்னும் நிற்பதுதான் அதிசயம்.

அப்போதுதான் வளைவில் ‘தெத்யு’ தெரிந்தது. உரப்பாரத்தில் தண்ணீரோடு தண்ணீராக அமிழ்ந்து, மெதுவாக ஏறி வந்தது. உனக்கு இடம் தாராளமாக இருந்தது. உன் பக்கத்திலேயே நீ வந்திருக்கலாம். ஆனால் நீலப் பலகையை நீட்டினாய்.

“என்னத்துக்கு இப்போ பலகை?” என்று நான் வாயைத் திறப்பதற்குள் சில்வேன் பதில் பலகையை நீட்டிவிட்டாள். எவ்வளவு வேகம் தெரியுமா? நீ தலையை ஆட்டுவதற்கு முன்பே நீட்டுவாள் என்று எழுதினாயே, அந்த வேகம். நீ கோட்டைப் பக்கம் வந்தாய். அவள் கப்பலை மறுபக்கம் ஒதுக்கினாள், தண்ணீரில் ஒரு சுருக்கம்கூட விழாமல். அந்த ஜெர்மன் மாது இந்தப் பயணத்தில் இல்லையே என்று வருத்தமாக இருந்தது.

உன் சுக்கான் அறை எங்களுக்கு நேராக வந்தது. நீ கை தூக்கினாய். ஒரு கை இல்லை, இரண்டு கையும். தொப்பியையும் கழற்றினாய்! உன் தலையில் முடி இல்லை என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. சில்வேன் நிமிர்ந்து நின்று கை தூக்கினாள். கப்பல் கொம்பை ஒரு தரம் நீளமாக ஊதினாள், கரையில் ஒரு தூண்டில்காரர் நாற்காலியோடு சாய்ந்துவிட்டார்.

பிறகு ‘தெத்யு’ நின்றுவிட்டது.

நான் படகில் பிறந்தவள். தரை தட்டிய படகு எப்படி நிற்கும் என்று எனக்குத் தெரியும். சில்வேனுக்கும் தெரியும். அங்கே ஆற்று நடுவில் உள்ள தீவின் வாலில், தண்ணீருக்கடியில் இருக்கும் சரளைமேடு, அப்பா நமக்கு முதன்முதலில் காட்டிக் கொடுத்த மேடு. உன் இயந்திரம் பின்னுக்கு இழுத்து உறுமியது, கறுப்புப் புகை வந்தது, படகு அசையவில்லை. ரேடியோவில் ஒருவன்கூட வாயைத் திறக்கவில்லை. புலேன்கூட.

சில்வேன் குழலை எடுத்தாள்.

“தெத்யு, இது மர்கரீத். அலமாரியிலேருந்து கோப்பையெல்லாம் கீழ எடுத்து வையுங்க. ஒரு அலை அனுப்பறேன்.”

நீ மாட்டேன் என்று சொல்லுவாய் என்று நினைத்தேன். இரண்டு நாள் அங்கேயே உட்கார்ந்து மழைக்குக் காத்திருப்பாய் என்று நினைத்தேன். ஆனால் உன் குரல் வந்தது.

“அனுப்புங்க, கேப்டன்.”

‘ங்க’ போட்டாய் அண்ணா. நீ மதகு அதிகாரிக்கே ‘ங்க’ போடாதவன்.

அவள் உன் படகைப் பார்த்துக்கொண்டே இயந்திரத்தை ஒரு முறுக்கு முறுக்கினாள். கப்பலின் பின்னாலிருந்து அலை புறப்பட்டு அழகாக உன்னிடம் போயிற்று. ‘தெத்யு’ ஒரு தரம் தோளைக் குலுக்கியது, பின்னால் வழுக்கியது, மிதந்தது. பயணிகள் இதை நாங்கள் தினமும் செய்து காட்டும் வேடிக்கை என்றே நினைத்துக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை. சில்வேன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “வெயில் கண்ணுல படுது” என்றாள். மேகமூட்டமாக இருந்தது.

இப்போது என் நிலைமையைப் பார். உலகத்திலேயே நல்ல கதை ஒன்று என் கண்ணெதிரே, லெசாந்தெலியில், நிஜமாகவே லெசாந்தெலியில் நடந்திருக்கிறது. ஒரு கல்லைக்கூட நகர்த்த வேண்டாம். ஆனால் சொல்லமாட்டேன். முப்பத்தைந்து வருஷமாக அவர் படகு தரை தட்டியதில்லை என்று நான் ரேடியோவில் முழங்கிய பத்து நிமிஷத்துக்குள் நீ தட்டினாய். உன் அனுமதி இல்லாமல் இனி உன்னை ஒரு சாண்கூட எங்கும் நகர்த்தமாட்டேன். கதை சொல்லிப் பிழைக்கிறவளுக்கு இது பட்டினி. இருக்கிறேன்.

ஒன்றை மட்டும் எனக்குச் சொல், யாரிடமும் சொல்லமாட்டேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்த மேட்டை நீ விலகிப் போவாய். ஏன் அந்தப் பக்கம் வந்தாய்?

ஒதில்

*

கொன்ஃப்லான்,
22 ஜூன்

ஒதில்,

கோப்பை ஒன்றும் உடையவில்லை. நதேழ் எல்லாவற்றையும் தரையில் வைத்திருந்தாள். அவள் ஜன்னலருகே நின்று அழுதுகொண்டிருந்தாள். இந்தத் தடவை நான் இயந்திரம் பார்க்கவில்லை.

கேட்டாய், சொல்கிறேன்.

எனக்குப் பக்கம் மாற வேண்டிய தேவை இல்லை. நீ சொன்னது சரி. என் பக்கம் ஆழமும் இருந்தது, இடமும் இருந்தது. ஆனால் பேசாமல் கடந்து போனால் இரண்டு படகு கடந்தது என்று ஆகிவிடும். நீலப் பலகையை நீட்டினால் அந்தப் பக்கத்துக் கேப்டன் பதில் சொல்லியாக வேண்டும். அவளைக் கேப்டனாக ஏதாவது ஒன்று கேட்க வேண்டும் என்று தோன்றிற்று. எனக்கு வேறு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

அவள் பதில் தந்தாள். நான் கோட்டைப் பக்கம் போனேன். மேடு இருப்பது தெரியும். அவள் கப்பலை ஒதுக்கிய விதத்தைப் பார்த்தேன். நூற்றுப் பத்து மீட்டர் நீளம். அதை நானாக இருந்தாலும் அதைவிட நன்றாகச் செய்திருக்கமாட்டேன். அதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் இரண்டு கையும் சுக்கானை விட்டுவிட்டன.

எத்ரேயில் பனி இருந்தது உண்மை. அந்தப் பனிக்குள்ளே பாலத்துக்கு அந்தப்புறம் ஒரு படகில் நதேழ் துணி உலர்த்திக்கொண்டிருந்ததும் உண்மை. அதை இருபத்தொன்பது வருஷமாக நான் ஒப்புக்கொண்டதில்லை.

புலேன் நேற்று இங்கே பக்கத்தில் வந்து கட்டினான். மேலே ஏறி வந்து நின்றான்.

“என்ன வனக்கேர், லெசாந்தெலியில தட்டிட்டே போல?”

“ஆமா, தட்டினேன்.”

“அந்தப் பெரிய கப்பலை ஓட்டினது யாரு, பொம்பளைப் புள்ளையா?”

“கேப்டன் வனக்கேர்” என்றேன்.

அவனுக்குக் குடிக்க ஊற்றினேன்.

சில்வேனுக்கு ஆகஸ்டில் ஒரு வாரம் லீவு என்று நதேழ் சொல்கிறாள். படகில் அவள் அறையைப் பெருக்கி வைத்திருக்கிறோம். பியர்ப் பெட்டி அங்கேதான் இருக்கிறது. நீயும் வா. ஆட்டுத்தொடை இருக்கும். என் பங்கை நானே சாப்பிடுவேன்.

நீ அந்தக் கதையைச் சொல்லலாம். எத்தனை தரம் வேண்டுமானாலும் சொல். மைக்கில் சொல், ரேடியோவில் சொல், பெல்ஜியக்காரர்களிடம் சொல். முப்பத்தைந்து வருஷம் தரை தட்டாதவன் மகளைப் பார்த்துக்கொண்டே தரை தட்டினான் என்று சொல்.

ஆனால் இடத்தை மாற்றாதே.

உன் அண்ணன்,
ஃபிர்மேன்